பாட்டரியைக் காக்கும் ரெகுலேட்டர்



"போன வருஷம்தானே புது பாட்டரி போட்டேன், அதுக்குள்ளே செல்ஃப் எடுக்க மாட்டேங்குதே!" டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலர் இப்படிக் குறைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். மழை பெய்து நிலம் பதமாக இருக்கும். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்பாது. நாலு ஆளைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டு, அன்றைய பாட்டை எப்படியோ முடிக்கிறோம். அப்புறம் பாட்டரிக் கடைக்காரரை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கி மாட்டுகிறோம். அதுவும் அடுத்த வருஷம் படுத்துவிட்டால்? பாட்டரி மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம். அதற்குத் தீனி போடுகிற இடத்தில் கோளாறு இருக்கலாம். அந்த இடத்தில் அளந்து போடுகிற வேலைதான் ரெகுலேட்டருடையது.

டைனமோவோ ஆல்டர்னேட்டரோ, ஃபேன் பெல்ட்டில்தான் சுற்றுகிறது. என்ஜின் வேகம் கூடினால் அதிலிருந்து வரும் வோல்டேஜும் கூடிக்கொண்டே போகும். ஆனால் 12 வோல்ட் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற 14 வோல்ட் சுமார் இருந்தால் போதும். அதற்கு மேலே போனால் கெடுதல். ஆயில் என்ஜினில் கவர்னர் என்ன செய்கிறது? வேகம் கூடினால் டீசலைக் குறைக்கிறது, பாரம் விழுந்தால் டீசலைக் கூட்டுகிறது. ரெகுலேட்டரும் அப்படித்தான். வெளியே வருகிற கரண்டை அது அணை போட்டுத் தடுப்பதில்லை. உள்ளே ஃபீல்டு காயிலுக்குப் போகிற சிறிய கரண்டைக் கூட்டிக் குறைத்து, வரும் வோல்டேஜை அடக்கி வைக்கிறது.

இதிலே பழசு, டைனமோ வண்டிகளில் உள்ள பெட்டி. நம் ஊர் மெக்கானிக்குகள் மொத்தமாக 'கட்-அவுட்' என்று சொல்லிவிடுவார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே கம்பி சுற்றிய சுருள்கள், மேலே அசைகிற பாயின்டுகள். சில பெட்டிகளில் சுருள் இரண்டு, சிலவற்றில் மூன்று. அதில் ஒன்றுக்குத்தான் உண்மையில் கட்-அவுட் என்று பெயர். என்ஜின் நின்றதும் பாட்டரியிலிருந்து கரண்டு டைனமோவுக்குத் திரும்பி ஓடிவிடாமல் கதவைச் சாத்துவது அதன் வேலை. இன்னொன்று வோல்டேஜை அடக்குவது. வோல்டேஜ் ஏறியதும் அதன் பாயின்ட் விலகும். ஃபீல்டுக்குப் போகிற கரண்டு ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகச் சுற்றிப் போக வேண்டிவரும். வோல்டேஜ் இறங்கும், பாயின்ட் மறுபடி சேரும். இப்படி ஒரு விநாடிக்குள் பல தடவை துடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது சுருள் இருந்தால், டைனமோ தாங்கமுடியாத ஆம்பியரைக் கொடுத்துக் கருகிப்போகாமல் அது காக்கும். இரண்டே சுருள் உள்ள பெட்டியில் அந்த வேலையையும் வோல்டேஜ் சுருளே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பெட்டியில் ஒரு சௌகரியம் உண்டு. பாயின்ட் கருகினால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், திருகைத் திருப்பி அளவு வைக்கலாம். அதுவேதான் ஆபத்தும். மீட்டர் இல்லாமல், காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் திருகைத் திருப்புகிற கை நிறைய இருக்கிறது. கால் திருப்பு கூடிப்போனால் உங்கள் பாட்டரிக்கு ஆயுசு குறைந்தது.

அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960-ல் வேலியன்ட் என்ற காரில் ஆல்டர்னேட்டரை வைத்து விற்றது. போகப் போக எல்லா வண்டிக்கும் அதுவே வந்துவிட்டது. மெதுவாக ஓடும்போதே அது சார்ஜ் கொடுக்கும், டைனமோ அப்படிக் கொடுக்காது. கரண்டை ஒரே பக்கம் விடுகிற டையோடுகள் உள்ளேயே இருப்பதால் கட்-அவுட் வேண்டியதில்லை. ஆம்பியரும் ஓர் அளவுக்கு மேல் தானாகவே ஏறாது. ஆகவே வோல்டேஜை அடக்க ஒரு ரெகுலேட்டர் இருந்தால் போதும். முதலில் வந்தவற்றில் அதுவும் துடிக்கிற பாயின்ட்தான். பிறகு டிரான்சிஸ்டர் வைத்த பெட்டி தனியாக வெளியே வந்தது. அதற்கும் பிறகு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி, ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே, பெரும்பாலும் கார்பனோடு சேர்ந்தே உட்கார்ந்துவிட்டது. இதில் தேய்கிற பாயின்டும் இல்லை, திருப்புகிற திருகும் இல்லை. கெட்டால் மாற்ற வேண்டியதுதான். அப்போது கார்பன் தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் தேய்ந்ததற்கு முழு ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லுகிறவர்களும் உண்டு.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர் கிடைக்கிறது. காலையில் என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் பாட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல சார்ஜில் இருந்தால் 12.6 வோல்ட் சுமார் காட்டும். பிறகு என்ஜினைக் கிளப்பி, கொஞ்சம் வேகமாக ஓட விட்டு, சில நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். 13.8-லிருந்து 14.4-க்குள் நின்றால் ரெகுலேட்டர் ஒழுங்காக இருக்கிறது. காலையில் பார்த்த எண்ணே மாறாமல் நின்றாலோ, இறங்கினாலோ, சார்ஜ் ஏறவில்லை. உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். முதலில் பெல்ட் தொய்ந்திருக்கிறதா, பாட்டரி முனையில் பூத்திருக்கிறதா, எர்த் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் விளக்கையும் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது எரிந்து, என்ஜின் ஓடினதும் அணைய வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் கரண்டு போவதே அந்த விளக்கு வழியாகத்தான். இரண்டு ரூபாய் சமாசாரம் போல் இருக்கும், ஆனால் அந்த பல்ப் ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டரே தூங்கிவிடும்.

என்ஜினை முடுக்க முடுக்க மீட்டர் 15-க்கு மேலே ஏறுகிறதா? அப்படியானால் ரெகுலேட்டர் அடக்கவில்லை. அதற்கு வேறு அடையாளமும் உண்டு. டிஸ்டில்ட் வாட்டர் அடிக்கடி குறையும், பாட்டரி கைவைத்தால் சுடும், மூடி ஓரத்தில் ஆசிட் கசியும், ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகும். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் மோசம். தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தால் அந்தப் பாகம் போனதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொதிக்கிற பாட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு, நெருப்பு பட்டால் வெடிக்கும். இருட்டில் தண்ணீர் மட்டம் பார்க்க தீக்குச்சி கிழிக்காதீர்கள், பீடி சிகரெட்டோடு பக்கத்தில் போகாதீர்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அளவு குறைந்து ஏறினாலும் பாட்டரி கெடும். அரைச் சார்ஜிலேயே கிடந்தால் தகட்டில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

ஆல்டர்னேட்டர் வண்டிக்காரர்கள் மூன்று காரியம் செய்யக்கூடாது. என்ஜின் ஓடும்போது பாட்டரி முனையைக் கழற்றி, 'ஓடுகிறதா பார்' என்று சோதிப்பது பழைய டைனமோ காலத்துப் பழக்கம். இப்போது அப்படிச் செய்தால் வோல்டேஜ் தாவி, டையோடும் ரெகுலேட்டரும் ஒரே நொடியில் போகும். பாட்டரியை மாற்றி மாட்டினாலும் இதே கதிதான். கலப்பைக்கோ டிரெய்லருக்கோ வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைப்பதானால், முதலில் பாட்டரியின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புது புகை விதி வந்த பிறகு, கம்ப்யூட்டர் பெட்டி வைத்த என்ஜின்கள் அதிகமாகிவிட்டன. வெல்டிங் கரண்டு பாய்ந்தால் அந்தப் பெட்டிக்கும் ஆபத்து. சில புதிய கார்களில் ரெகுலேட்டரையே கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. அவற்றில் வோல்டேஜ் ஏறி இறங்குவது கோளாறு அல்ல. மேலே சொன்ன கணக்கை அவற்றுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பழைய வண்டியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறவர்கள், பழைய கட்-அவுட் பெட்டியைச் சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்றும் பாருங்கள். சில பழைய இங்கிலாந்து மாடல் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். ஆல்டர்னேட்டருக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த் வேண்டும். இதை மாற்றாமல் மாட்டினால் புது ஆல்டர்னேட்டர் கடையை விட்டு வெளியே வருவதற்குள் புகைந்துவிடும்.