கரி வாயுவில் ஓடிய மோட்டார்

1941-ம் வருஷத்தில் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. அடுத்த வருஷத்தில் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்குள்ள எண்ணெய்க் கிணறுகளும் கைவிட்டுப் போயின. சென்னை மாகாணத்தின் உட்பிரதேசங்களில் ஓடிய பஸ்களுக்கும் லாரிகளுக்கும் கிடைத்த பெட்ரோல் சொற்பமாயிற்று. சந்தைக்குச் சரக்கேற்ற வேண்டிய லாரி நின்றால் நஷ்டம் முதலில் குடியானவனைச் சேர்ந்தது. இந்த நெருக்கடியில்தான் வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்புப் பீப்பாயைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அதினின்று வரும் வாயுவினால் இஞ்சினை ஓட்டும் முறை எங்கும் பரவியது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் இத்தகைய சாதனம் ஒன்றைத் தம் பெயராலேயே தயாரித்தளித்தார். ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களிலேயே விறகை நேரே உபயோகிக்கும் அடுப்பை அமைத்திருந்தார். ஜெர்மனியில் யுத்த முடிவில் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள் இவ்வித வாயுவில் ஓடின.

இச்சாதனத்தில் கிராமத்துக் கொல்லனுக்குத் தெரியாத விஷயம் சிறிதே. அவனுடைய உலையில் துருத்தி காற்றை ஊதுகிறது. இங்கே இஞ்சினின் பிஸ்டன் காற்றை உறிஞ்சுகிறது. பீப்பாயின் அடிப்பாகத்தில் செருகிய குழலின் வழியாக உட்புகும் காற்று, அதன் வாயருகேயுள்ள கரியை எரித்து முதலில் கரியமிலவாயுவாகிறது. அந்த வாயு ஏறக்குறைய 1,000 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலுள்ள கரிப்படுகையின் ஊடே செல்லும்போது, இன்னும் கொஞ்சம் கரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரியக்கூடிய வாயுவாக மாறுகிறது. கரிப்படுகை ஆழமற்றதாயிருந்தாலும், உஷ்ணம் குறைந்தாலும் இம்மாறுதல் பூர்த்தியாகாது. இஞ்சின் திணறி நின்றுவிடும். குழலின் வழியே சொட்டுச் சொட்டாக நீர் விட்டால் சிறிது ஹைட்ரஜனும் கிடைக்கும். அளவு மிஞ்சினால் நெருப்பு தணிந்துபோகும்.

வாயுவை அப்படியே இஞ்சினுக்குள் விடுவது இஞ்சினைக் கொல்வதாகும். அதில் மிதந்துவரும் சாம்பலும் கரித்தூளும் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புக்காகிதம் போல் தேய்த்துவிடும். குறைந்த செலவில் சாதனம் செய்தவர்கள் பெரும்பாலும் தவறியது இந்த இடத்திலேதான். பீப்பாயையும் குழாய்களையும் பழைய இரும்புக் கடையில் தேடிச் சிக்கனம் செய்யலாம். வடிகட்டியில் சிக்கனம் செய்தால் ஒரு வருஷத்து லாபத்தை இஞ்சின் பழுது விழுங்கிவிடும். வாயு முதலில் ஒரு கூம்புப் பாத்திரத்தில் சுழன்று கனத்த தூளை உதிர்க்கவேண்டும். பிறகு நீண்ட குழாய்களில் ஆறவேண்டும். கடைசியில் தேங்காய் நாரிலும், அதற்கப்பால் நெருக்கமாக நெய்த துணியிலும் வடிகட்டப்படவேண்டும். துணி நனைந்தால் அடைத்துக்கொள்ளும். இஞ்சினுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பதே போதிய பரீட்சை. துணி கறுத்தால் வடிகட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும்.

இஞ்சினில் செய்யவேண்டிய மாறுதல்கள் சிலவே. கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே மூன்று வாயுள்ள குழாய் ஒன்றை வைத்து, ஒரு வாயில் கரிவாயுவும் மற்றொன்றில் காற்றும் வரும்படி அமைத்து, காற்று வாய்க்கு ஒரு தகட்டு மூடியைப் பொருத்தவேண்டும். காற்றும் வாயுவும் ஏறக்குறைய சம அளவில் கலக்கவேண்டியிருப்பதால், சாரதி இம்மூடியை ஓயாமல் திருத்திக்கொண்டேயிருப்பான். இக்கலவை பெட்ரோலைவிட மெதுவாக எரியுமாகையால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியைச் சற்று முன்னதாகவே எழும்படி செய்யவேண்டும். சக்தியும் குறையும். வாயுவில் பாதிக்கு மேற்பட்டது எரியாத நைட்ரஜனாகையால், பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கேனும் நஷ்டமாகும். அழுக்கடைந்த சாதனத்தில் பாதியே போய்விடும். அக்காலத்துப் பிரயாணிகள் ஏற்றங்களில் இறங்கி பஸ்ஸைத் தள்ள நேர்ந்ததன் காரணம் இதுவே. சிலிண்டரின் மேல்மூடியை லேத் பட்டறையில் சிறிது சீவி அழுத்தத்தை அதிகரித்தால் இந்நஷ்டத்தில் ஒரு பகுதி மீளும். கரிவாயு அதிக அழுத்தத்தையும் தாங்கும். ஆனால், அவ்விதம் சீவிய இஞ்சின் திரும்பவும் சாதாரண பெட்ரோலில் ஓடும்போது தட்டும். ஆகையால், பெட்ரோல் மீண்டும் கிடைக்குமென்று நம்பியிருப்பவன் அதில் கை வைக்காதிருத்தல் நலம்.

கரியும் எதுவாயினும் ஆகாது. சரியாக வேகாத கரியிலிருந்து கீல் வரும். அது வால்வுகளில் ஒட்டி அவற்றை அசையவிடாமல் செய்யும். மண்ணும் மரப்பட்டையும் கலந்த கரியின் சாம்பல் உருகிக் குழல்வாயில் கிட்டமாக இறுகும். கனத்த மரத்தின் கரியை எலுமிச்சங்காய்க்குச் சிறிய துண்டுகளாக உடைத்துச் சலித்துப் போடவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி செல்லும். இது மலிவென்றே தோன்றும். ஆனால், மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க 4 அல்லது 5 கிலோ விறகு அழிகிறது என்பதை யோசித்தால், ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் கரிக்கு மாறினால் புறம்போக்கு மரங்களின் கதி என்னவாகும் என்பது விளங்கும். ராமநாதபுரம் சீமைக் கருவேலங் கரியைப் போல், களையாக மண்டிய மரத்திலிருந்து எடுக்கும் கரியே இதற்கு உகந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓர் எச்சரிக்கை. கார்பன் மோனாக்ஸைடு கொடிய விஷம். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது இரத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். தலைவலியும் மயக்கமும் கண்டு, தூக்கம் வருவதுபோலிருந்து, உயிர் போய்விடும். இஞ்சின் ஓடும்போது குழாய்களில் உறிஞ்சுதல் இருப்பதால், ஓட்டையிருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். நிறுத்தியபின்போ, பீப்பாய் கனன்றுகொண்டேயிருக்க, வாயு வெளியே கசியும். ஆகவே, ஆபத்து வண்டி நின்ற பிறகே அதிகம். இவ்வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவடைப்பதும், அதில் படுத்துறங்குவதும் கூடவே கூடாது. கரி போட மூடியைத் திறக்கும்போது காற்றோடு கலந்த வாயு குப்பென்று பற்றுமாதலால், முகத்தை விலக்கிக்கொண்டு காற்று வீசும் பக்கத்தில் நிற்கவேண்டும்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் பீப்பாய்கள் கழற்றி எறியப்பட்டன. இப்பொழுது வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம்மிஷ்டப்படி மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. உரிய அனுமதியின்றி இதைச் சாலையில் ஓட்ட முடியாது. ஆயினும், ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் இஞ்சினுக்கு இம்முறை செத்துவிடவில்லை. கர்நாடகத்தில் ஹொசஹள்ளி என்னும் சிறு கிராமத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-ல் விறகுவாயுச் சாதனம் ஒன்றை டீசல் இஞ்சினோடு இணைத்து, வீடுகளுக்கு விளக்கும் குடிநீரும் கிடைக்கச் செய்தனர். டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லாமையால் வாயு தனித்துப் பற்றாது; கொஞ்சம் டீசல் எப்பொழுதும் சென்றுகொண்டேயிருக்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள சாதனத்தில் டீசல் செலவில் நூற்றுக்கு 70 பங்கும் அதற்கு மேலும் மிச்சமாகும். நிற்கும் இஞ்சினாகையால் பீப்பாயின் பாரமும் வடிகட்டியின் பருமனும் அங்கே இடையூறல்ல. சக்தி குறைவதை உத்தேசித்து, தேவைக்குச் சற்றுப் பெரிய இஞ்சினாகப் பார்த்து அமைத்துக்கொண்டால் போதும்.