உடைமையும் பன்மையும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் பள்ளி அறிவிப்புப் பலகையில் 'டீச்சர்ஸ் டே' என ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அதில் அப்பாஸ்ட்ரபி எனப்படும் மேற்குறி, 'எஸ்' எழுத்துக்கு முன் வருமா, பின் வருமா? ஆசிரியர் பலர்க்கும் உரிய நாள் ஆதலின் பின்னரே வரும். முன்னர் இட்டால் ஓர் ஆசிரியருக்கு மட்டும் உரிய நாளாகிவிடும்! நவம்பர் 14இல் வரும் 'சில்ட்ரன்ஸ் டே' வேறு வகை. 'சில்ட்ரன்' என்னும் பன்மைச்சொல் 'எஸ்' எழுத்தில் முடிவதில்லை. ஆகவே, முதலில் குறியை இட்டுப் பின்னர் 'எஸ்' சேர்த்தல் வேண்டும்.

'டீச்சர்ஸ்' என ஒருவர் சொல்லும்போது, அது வெறும் பன்மையா, ஒருவரது உடைமையா, பலரது உடைமையா என்பதை ஒலி காட்டுவதில்லை; எழுத்தே காட்டுகிறது. தமிழிலோ ஆசிரியர்கள், ஆசிரியரின், ஆசிரியர்களின் என மூன்றும் ஒலியாலேயே வேறுபடுகின்றன. 'கள்' பன்மையை உணர்த்துகிறது. 'இன்' இக்காலத் தமிழில் உடைமையை உணர்த்துகிறது.

பழைய இலக்கண முறை இன்னும் சுவையானது. நன்னூலின்படி, ஆறாம் வேற்றுமை உருபு உடையவரின் எண்ணிக்கையை நோக்குவதில்லை. உடைமைப் பொருளின் எண்ணிக்கையையே நோக்கும். பொருள் ஒன்றாயின் 'அது' வரும்; பலவாயின் 'அ' வரும். எனது கை, என கைகள் என்பன சான்றுகள். இன்று 'எனது கைகள்' என எழுதுவதே பெருவழக்கு. இந்தி அறிந்த மாணவர்க்கு அப்பழைய முறை எளிதில் விளங்கும். அங்கும் காலணி ஒன்றாயின் 'மேரா ஜூத்தா', பலவாயின் 'மேரே ஜூத்தே' எனச் சொல் மாறுகிறது.

பயிற்சி: 'பாய்ஸ் ஹாஸ்டல்', 'விமன்ஸ் கோச்' ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, மேற்குறி வரும் இடத்தைக் காரணத்துடன் விளக்குக. இரண்டையும் தமிழில் பெயர்த்து எழுதுக.