சில்லுக்கு ஒரு சோதனை
பழைய கைப்பேசிக்கு அழைப்பு வருமுன்னரே அருகிலிருந்த ஒலிபெருக்கி கரகரவென்று இரைந்ததைக் கேட்டவர்களுக்கு, கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லினுள் புகுந்து, அங்குள்ள குறைக்கடத்திச் சந்திகளில் உருமாறி, இல்லாத ஓசையை உண்டாக்கும் விபரீதத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒலிபெருக்கியில் அது வெறும் தொல்லை. மோட்டார் வாகனத்தின் பிரேக்கை ஆளும் சில்லிலோ பிராணாபாயம். ஆகையால், ஐஇசி 62132 என்னும் சர்வதேசத் தரத்தின் 4ஆம் பகுதி கூறும் முறைப்படி, சோதனைப் பலகையில் பொருத்திய சில்லின் கால் ஒன்றில், மின்தேக்கி வழியாக 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை ஒவ்வோர் அதிர்வெண்ணாகச் செலுத்தி, சில்லு தடுமாறும் வரையிலோ விதித்த உச்சத்தை எட்டும் வரையிலோ சக்தியைப் படிப்படியாக உயர்த்தி, அந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். தடுமாற்றம் என்பது யாதென்று முன்கூட்டியே வரையறுப்பதுதான், என் அபிப்பிராயத்தில், இதில் கடினமான காரியம். வெளியீட்டு மின்னழுத்தம் சற்றே நகர்வதும் சில்லு முற்றிலும் ஸ்தம்பிப்பதும் ஒரே குற்றமாகா.