மூங்கிலில் ஒரு ஆர்கன்... தெரியுமா?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்கு அருகே இருக்கிறது லாஸ் பின்யாஸ். அங்குள்ள புனித சூசையப்பர் பங்கு ஆலயத்து ஆர்கனில் மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில் என்பது தெரியுமா? ஆமாம், மூங்கிலேதான்! உலோகத்துக்குக் கிடைத்த இடம் வெறும் 129.

செய்தவர் யார்? அந்த ஊர்ப் பங்குத்தந்தையே! ஸ்பெயினிலிருந்து வந்த துறவி தியேகோ செரா. 1797-ல் தொடங்கிய கற்கோயில் 1819-ல்தான் முடிந்தது. ஆனால் மனிதருக்குப் பொறுமை ஏது? 1816-லேயே ஆர்கன் வேலையில் இறங்கிவிட்டார்!

மூங்கில் என்றால் உளுத்துப்போகுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். வெட்டிய மூங்கிலை மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். பூச்சி அரிக்காமல் தப்பிய மூங்கில் மட்டுமே குழலானது. இருநூறு வருஷம் தாண்டியும் பாடுகிறது என்றால், மருந்து எதற்கு, மணல் போதாதா!

1821-லேயே வாசிக்க முடிந்தது. ஆனாலும் செராவுக்குத் திருப்தியில்லை. எக்காளக் குழல்கள் பாக்கி! அந்தக் கம்பீரம் மூங்கிலில் வராது என்று அவற்றை மட்டும் உலோகத்தில் செய்து, படுக்கைவாட்டில் மக்களைப் பார்த்து நீட்டிவிட்டார். 1824-ல் வேலை முடிந்தது. பறவைக் குரல் எழுப்பவும் இதில் ஒரு ஏற்பாடு உண்டு, தெரியுமா? பூசை நடுவே குருவி கத்தினால் கூரையைப் பார்க்காதீர்கள்!

நிலநடுக்கமும் புயலும் சும்மா விடுமா? சிதைந்து, ஊமையாகி, கடைசியில் 1973-ல் ஜெர்மனிக்குப் பயணம். பான் நகரத்து கிளைஸ் நிறுவனம்தான் வைத்தியர். ஆனால் ஐரோப்பாவின் வறண்ட காற்றில் வெப்பநாட்டு மூங்கில் வெடித்துவிட்டால்? அதற்காகவே ஓர் அறையில் பிலிப்பைன்ஸின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வரவழைத்தார்கள்! எனக்கென்னவோ, மணலைவிட இதுதான் பெரிய ஆச்சரியம். 1975-ல் குணமாகி ஊர் திரும்பியது. 2003-ல் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என்ற பட்டமும் கிடைத்தது.

இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரியில் சர்வதேச ஆர்கன் விழா. இரண்டு மூன்று அடுக்குக் கட்டைகளில் வாசித்துப் பழகிய வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு இங்கே கிடைப்பது ஒரே வரிசை! ஆனால் அதிலும் செராவின் கெட்டிக்காரத்தனம் உண்டு: ஸ்பானிய வழக்கப்படி இடது பாதிக்கு ஒரு குரல், வலது பாதிக்கு வேறொரு குரல் வைத்துக்கொள்ளலாம்.