அலுமினிய மின்சூளின் மேற்றோல்

வஹகோட்டை போன்ற ஊர்களில் இரவில் வயல்வரம்பு வழியே நடப்போர்க்கு மின்சூள் இன்றியமையாத துணையாகும். 'டோர்ச்' என யாவரும் வழங்கும் இக்கருவியின் அலுமினிய உடலிற் காணப்படும் கருநிறம் வெறும் வர்ணப்பூச்சன்று. அவ்வுலோகத்தினின்றே விளைந்த தோலாகும். அது எவ்வாறு விளைகின்றது, எதனாற் கெடுகின்றது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையொன்றால் மூடப்படும். அவ்வுலோகத்தை அனோட்டாக அமைத்து, ஐதான சல்பூரிக்கமிலத்தினூடு மின்னோட்டத்தைச் செலுத்தின் அப்படை தடித்து வளரும். இதுவே அனோட்டாக்கம் எனப்படும். 1923இல் பிரித்தானியாவிற் குரோமிக்கமில முறையும், 1927இற் சல்பூரிக்கமில முறையும் தோன்றின. படையிலுள்ள நுண்டுளைகளிற் சாயமேற்றிக் கொதிநீரால் அவற்றின் வாயை அடைப்பர்.

சாதாரண முறையில் இத்தோலின் தடிப்பு பெரும்பாலும் 25 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாது. அமிலத்தை உறைநிலையை அண்டிக் குளிர்வித்துச் செய்யும் வன்முறையிலோ 50 மைக்கிரோமீற்றரளவில் அடர்ந்து வளரும். குளிரில் அமிலம் படையைக் கரைப்பது குறைதலே இதற்குக் காரணம்.

மாத்தளை மாவட்ட எல்லையிலுள்ள எலஹெரப் பகுதியில் அகழப்படும் நீலக்கல்லும் அலுமினியம் ஒட்சைட்டே. எனினும் நீலக்கல் பளிங்குருவானது. மின்சூளின் தோல் அத்தகையதன்று. ஆகவே வன்மையில் அது நீலக்கல்லுக்கு ஈடாகாது. சட்டைப்பையில் நாணயமும் திறப்பும் மணலும் உடனிருப்பின் நாளடைவில் தேயும்.

தேய்வு முதலில் விளிம்புகளிலேயே தோன்றும். தோல் பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் கூரிய மூலைகளில் இடைவெளி விழுகின்றது. நிலத்தில் விழுந்தால் உள்ளிருக்கும் மெல்லுலோகம் நெளியும். நெளியாத தோல் முட்டையோடுபோல் வெடிக்கும். ஆயினும் இவற்றால் ஒளி குன்றுவதில்லை. வெளிப்பட்ட இடத்தை இயற்கையான ஒட்சைட்டு உடனே மூடிக்கொள்ளும்.

உண்மையான கேடு உள்ளிருந்து வருவது. அலுமினியம் ஒட்சைட்டு ஈரியல்புடையது; அமிலமும் காரமும் அதனைக் கரைக்கும். காரக்கலம் கசியின் பொற்றாசியமைதரொட்சைட்டு தோலையும் உலோகத்தையும் ஒருங்கே அரிக்கும். கலமும் குழாயுள் இறுகிவிடும். மேலும், இத்தோல் மின்னைக் கடத்தாததால், மின்தொடுகை நிகழும் இடங்களைத் தோலின்றியே விடுவர். அவ்விடங்களைத் துடைத்துத் தூய்மையாக வைத்தல் வேண்டும்.

ஆதலின் மின்சூளின் மேனி மினுக்கத்தைப் பேணுவதினும், உள்ளிருக்கும் கலத்தை மாதந்தோறும் நோக்குதலும், நெடுநாட் பயன்படுத்தாவிடிற் கழற்றிவைத்தலுமே இருளிற் கைவிடாத துணையை நமக்கு உறுதிப்படுத்தும்.