ஒன்பது இரவு, ஒன்பது வீடு

மெக்சிகோவில் டிசம்பர் 16 பிறந்துவிட்டால் இரவு நேரத்தில் தெருவெங்கும் பாட்டுச் சத்தம் கேட்கும். மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டம் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும். மரியாளும் சூசையப்பரும் பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துக் காட்டும் 'லாஸ் போசாதாஸ்' விழா இது. வெளியே நிற்பவர்கள் இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். கடைசியில் கதவு திறக்கும், விருந்து தொடங்கும். 24ஆம் தேதி வரை ஒன்பது இரவும் இப்படித்தான்.

1580களில் மெக்சிகோ நகரத்துக்கு அருகிலுள்ள ஆகோல்மான் மடத்தின் துறவி தியேகோ தே சோரியா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் சிறப்புத் திருப்பலி நடத்த போப் ஐந்தாம் சிக்ஸ்துஸிடம் அனுமதி பெற்றார். ஆஸ்டெக் மக்கள் தங்கள் தெய்வத்துக்கு விழா எடுத்துவந்த பருவமும் அதுதான். தேவாலய முற்றத்தில் தொடங்கிய வழிபாடு காலப்போக்கில் வீதிக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஒன்பது நாள் விருந்தை ஒரே குடும்பம் தாங்க முடியாது. அதனால் தெருக்காரர்களும் உறவினர்களும் ஆளுக்கு ஓர் இரவைப் பொறுப்பேற்பது வழக்கம். இந்த விழாவின் அழகே இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

சமையலும் அப்படியே. விருந்தின் நாயகன் தமாலே. அதைச் செய்வதற்கென்றே வீட்டார் கூடும் நாளுக்குத் 'தமாலாதா' என்று பெயர். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். சிறு உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். ஊறிய சோளமடலை ஒருவர் துடைக்க, அடுத்தவர் மாவைத் தடவ, இன்னொருவர் மிளகாய்ச் சாற்றில் வெந்த இறைச்சியை வைத்து மடிப்பார். ஆவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். மடல் ஒட்டாமல் உரிந்து வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஓஹாகாவில் வாழையிலையில் மடிப்பதும் உண்டு.

குளிருக்கு இதமாக அடுப்பில் 'போன்சே' கொதிக்கும். கொய்யா, கரும்புத் துண்டு, புளி, பட்டை, கூம்பு வடிவ வெல்லம், தெஹோகோத்தே என்ற சிறு மஞ்சள் பழம் எல்லாம் அதில் சேரும். பிள்ளைகளுக்கு அப்படியே ஊற்றித் தருவார்கள். பெரியவர்கள் கொஞ்சம் ரம் கலந்துகொள்வதுண்டு.

பிள்ளைகள் காத்திருப்பது பின்யாத்தாவுக்காக. மரபான பின்யாத்தா, வண்ணக் காகிதம் சுற்றிய மண்பானை. அதில் ஒட்டிய ஏழு கூம்புகள் ஏழு தலையான பாவங்களைக் குறிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடித்து உடைத்தால் வேர்க்கடலையும் ஆரஞ்சும் மிட்டாயும் கொட்டும். ஓடு குத்தும் என்பதால் இன்று பல வீடுகளில் அட்டையில் செய்கிறார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு முதல் அடி. கம்பு சுழலும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். எதுவும் கிடைக்காத பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்றுதான் 'அகினால்தோ' என்ற இனிப்புப் பையைத் தனியே கட்டி வைக்கிறார்கள்.

வீட்டில் விருந்து வைக்க நினைக்கும் எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. விருந்தாளிகளைச் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் அழைக்காதீர்கள். மாவு அடிக்கவும் மடல் மடிக்கவும் முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். ஒருவர் தலையில் சுமையாக விழும் விருந்து ஓராண்டோடு ஓய்ந்துவிடும். பலர் கைபட்ட விருந்தைத்தான் அடுத்த ஆண்டும் எல்லோரும் கேட்பார்கள்.