மிளகா, மிளகாயா?

நேயர்களே, ரயில் பாம்பன் பாலத்துல போகுது. கையில ஒரு பொட்டலம் மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ். உங்க ஓட்டு எதுக்கு? மிளகாய்த்தூள் போட்டதுக்கா, மிளகுத்தூள் போட்டதுக்கா?

ரெண்டுமே காரம்தான். ஆனா காரம்கிறது ஒரு சுவையே இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? மிளகாயில கேப்சைசின், மிளகுல பைப்பரின். சூடு பட்டா சேதி சொல்ற நரம்பு இருக்கு பாருங்க, ரெண்டும் அதைத்தான் தட்டி எழுப்புது. அதனாலதான் ஆறிப்போன சிப்ஸைக் கடிச்சாலும் நாக்கு சுடுது! இதுல கேப்சைசினுக்குத்தான் வேகம் ரொம்ப அதிகம். மிளகோட பலம் அதோட வாசனை.

என் ஓட்டு மிளகாய்க்குத்தான். அதுவும் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் விளையுற நம்ம குண்டு மிளகாய்க்கு. உருண்டையா, தடிச்ச தோலோட, பளபளன்னு இருக்குமே, அதேதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்ங்கிற பேர்ல 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு.

உறைப்பு தாங்கலையா? தண்ணியைத் தேடாதீங்க, கேப்சைசின் தண்ணியில லேசுல கரையாது. ஒரு டம்ளர் மோர் குடிங்க, சட்டுனு அடங்கும்.